எங்கள் பல்பு கம்பெனியைச் சாகடித்தது யார்

உள்நாட்டு உற்பத்தி ஏன் படுத்துவிட்டது என்று டி.வி.யில் யாராவது பேச ஆரம்பித்தால் எனக்குக் கோழிக்குழம்பு ஞாபகம்தான் வரும். கோட்டு போட்டவர்கள் ஆளுக்கொரு பக்கம் கையை நீட்டுவார்கள். ஒருவர் சீனா என்பார். ஒருவர் வரி என்பார். இன்னொருவர், நம் ஜனங்களுக்கே பற்றில்லை என்று மேஜையைத் தட்டுவார். அப்புறம் நேரம் முடிந்துவிட்டது என்று வணக்கம் சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். குற்றவாளி அகப்பட்டானா, இல்லையா? அதைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை இப்படி அந்தரத்தில் விட மாட்டார்கள். குற்றம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஊருக்கே சாமைச் சோறும் கோழிக்குழம்பும் ஆக்கிப் போட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியதும் குற்றம் தீர்ந்தது. மறுநாள் அதைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. இதற்குக் குற்றம் கட்டுவது என்று பெயர். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஆளில்லாத குற்றம் என்று ஒன்று இருந்ததே இல்லை. என் பல்பு கம்பெனி படுத்தபோதும் அப்படித்தான் ஆள் தேடினார்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், காவலூரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அங்கே நான் பல்பு கம்பெனி வைத்தேன் என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். காவலூரில் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். வானம் இருட்டாக இருந்தால்தான் அவர்களுக்கு வேலை நடக்கும். அதனால் எங்கள் ஊர்த் தெருவிளக்குக்குக்கூடத் தகரத்தில் ஒரு தொப்பி மாட்டி, வெளிச்சம் தரையை மட்டும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறோம். இவ்வளவு பெரிய நாட்டில், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிற ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து நான் பல்பு செய்ய உட்கார்ந்தேன். புத்தி எங்கே போயிற்று என்று என் அம்மாவே கேட்டாள்.

புத்தி எங்கும் போகவில்லை, புருஷன் பக்கம் போயிருந்தது. கல்யாணம் ஆன புதிதில் அவர் கேரளாவில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் விளக்கு சாமான் செய்கிற ஒரு கம்பெனியில், ஹாஸ்டலில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் நாங்கள் குடும்பம் நடத்தியது செல்போனில்தான். சண்டை உச்சத்தில் இருக்கும்போது சிக்னல் போய்விடும். நான் கட் பண்ணிவிட்டேன் என்று அவர் நினைப்பார், அவர் கட் பண்ணிவிட்டார் என்று நான் நினைப்பேன். அந்தக் கோபம் பொங்கலுக்கு ஊருக்கு வரும்வரை ஆறாது. பொங்கலுக்கு வந்தாலும் பாதி நாள் அதை விசாரிப்பதிலேயே போய்விடும்.

ஒரு நாள் நான் இருந்த லைனை மூடிவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு மேனேஜர் ஒரு காரணம் சொன்னார், சூப்பர்வைசர் ஒரு காரணம் சொன்னார், ஹாஸ்டல் வார்டன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டேன். அவரையும் வரச் சொன்னேன். அவர் வந்து ஒரு பழைய ஜீப்பை வாங்கி, போளூருக்கும் எங்கள் ஊருக்குமாக ஆள் ஏற்றி ஓட்ட ஆரம்பித்தார். நான் பல்பு செய்வது, அவர் ஜீப் ஓட்டுவது, இரண்டும் ஓடினால் இருவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் யாராவது ஒருவர் கீழே இறங்கி வேலைக்குப் போக வேண்டியதுதான். கல்யாணத்தன்று செய்த சத்தியம் எதுவும் எனக்கு நினைவில்லை. இந்த ஒப்பந்தம் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

ஊரில் பழைய டி.வி. ரூம் ஒன்று சும்மா கிடந்தது. ஊருக்கே ஒரு டி.வி. இருந்த காலத்தில் கட்டியது. டி.வி.யைத் திருடிவிடாமல் இருக்கச் சுவரில் இரும்புக்கூண்டு வைத்திருந்தார்கள். டி.வி. எப்போதோ போய்விட்டது, கூண்டு மட்டும் பத்திரமாக இருந்தது. அந்த ரூமை எனக்குக் கொடுத்தார்கள். மூடியை அழுத்திப் பொருத்துகிற ஒரு கை மெஷினும், ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற கோல் சிலதும் வாங்கிப் போட்டேன். பெண்கள் சிலர் வேலைக்கு வந்தார்கள். அதில் மூத்தவளை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் ஊர் ஊராகப் போய் வந்தவள், உட்கார்ந்து செய்கிற வேலை இதுதான் முதல் தடவை என்று கொஞ்ச நாள் நின்றுகொண்டே செய்தாள்.

எல்.இ.டி. பல்புக்கான பாகங்கள் எல்லாம் பார்சலில் வரும். எங்கிருந்து என்று கேட்காதீர்கள், அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை எங்களில் ஒருத்தராலும் படிக்க முடியாது. நாங்கள் அவற்றைப் பொருத்தி, பற்றவைத்து, மூடியை அழுத்தி, எரிகிறதா என்று பார்த்து, அட்டையில் போட்டு, மேலே ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஸ்டிக்கர் திருவண்ணாமலையில் அடித்தது. அது சத்தியமாக உள்நாடுதான்.

ஆரம்பித்த சில நாளிலேயே காவலூரிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் வேலை. நல்ல மனிதர், வந்ததும் வாழ்த்துச் சொன்னார், இரண்டு பல்பும் வாங்கினார். போகும்போது தலையைச் சொறிந்துகொண்டு, “எரியுதான்னு பாக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கிறீங்களாம்மா?” என்றார். பட்டப்பகலில் எதற்குச் சாத்த வேண்டும் என்று கேட்டேன். பொழுது சாய்ந்தும் வேலை செய்தால் என்பதற்காக முன்கூட்டியே சொல்லி வைத்தாராம். அக்காவுக்கு அது மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அன்றைக்கே ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டினாள். அதிலிருந்து பகலிலும் கும்மிருட்டில் தடவித் தடவித்தான் பல்பு செய்தோம். நான் ஒரு பக்கம் அவிழ்ப்பேன், அவள் மறுபக்கம் கட்டுவாள்.

முதலில் வியாபாரம் பிரமாதம். ஊரில் எல்லா வீட்டிலும் வாங்கினார்கள். சம்பந்தி வீட்டுக்கு வாங்கினார்கள். ஒரு கல்யாணத்துக்குச் சீராகவே ஒரு பெட்டி போயிற்று. அதோடு நின்றுவிட்டது. நாங்கள் செய்த பல்பு எரிந்துகொண்டே இருந்தது, பாவி, அணையவே இல்லை. எரிகிற பல்பைக் கழற்றிவிட்டு இன்னொன்று மாட்டச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பது?

பஸ் நிற்கிற இடத்தில், மலைக்குக் கீழே சந்தவாசல் என்ற ஊர்க்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அங்கே பளபளவென்று அட்டைப்பெட்டியில் வேறொரு பல்பு வந்தது. எங்களுடையதைவிட மலிவு. பக்கத்து ஊர்கள் எல்லாம் அதை வாங்க ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் எங்கள் ஊரும் வாங்கியது. மாட்டுக் கொட்டகைக்கு, பின்கட்டுக்கு என்று என்னிடம் சாக்கு சொன்னார்கள். எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து மாடே இல்லாத வீடுகளில்கூட மாட்டுக் கொட்டகைக்கு பல்பு வாங்கினார்கள்.

ஜீப்பும் சுமார்தான். பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது என்று ஆன பிறகு ஜீப்பில் ஏறுவதற்கு ஆண்களும் ஆடுகளும்தான் மிச்சம். நானே போளூர் போவதென்றால் பஸ்ஸில்தான் போவேன். என் புருஷன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் எப்படியோ ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை. என் கவலை எனக்கு.

புளி உலுக்குகிற காலம் வந்தது. பறித்த புளியைக் கொட்டி வைக்க ஊருக்கு ஓர் இடம் வேண்டும். பல்பு விற்காமல் டி.வி. ரூமில் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ரூமைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று நான்கு பேர் கேட்க ஆரம்பித்தார்கள். அதே வாரம் பழைய சூப்பர்வைசர் போன் பண்ணினார். புது லைன் போட்டிருக்கிறார்களாம், திங்கட்கிழமை வந்தால் சேர்த்துக்கொள்வாராம், ஹாஸ்டலில் கட்டில் காலியாக இருக்கிறதாம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் புருஷனிடமும் சொன்னேன். அவர் எழுந்து போய் ஜீப்பைத் துடைத்தார். காலையில்தான் அதைத் துடைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. ரூம் முன்னால் ஊர் கூடியது. எங்கள் ஊர்க் கவுண்டர் என் மாமனாருக்கு அண்ணன், எனக்குப் பெரிய மாமா. ஊரில் எந்த விவகாரத்துக்கும் அவர் சொல்வதுதான் முடிவு. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“புளி வரப் போவுது. ரூம்ல பல்பு இருக்குதா, புளி வெக்கறதா, இன்னிக்கு முடிவு பண்ணணும். ஆனா ஒண்ணு. ஊர்ல ஒண்ணு படுத்துக்கிச்சின்னா இன்னாத்தால படுத்துக்கிச்சின்னு தெரிஞ்சாவணும். குத்தம் யாருதுன்னு தெரிஞ்சா அத சரி பண்ணிட்டு ரூம மருமவளுக்கே உட்ருலாம். யாரு குத்தம், சொல்லுங்க.”

இதற்காக நான் முதல் நாளே தயாராகியிருந்தேன். எழுந்து நின்று, சீனாவில் எப்படி மெஷினே பல்பு செய்கிறது, கப்பல் கப்பலாக எப்படி வருகிறது, அவர்கள் விலைக்கு நம்மால் ஏன் செய்ய முடியாது என்று டி.வி. கோட்டுக்காரர்களைவிடத் தெளிவாகச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டார்கள். பெரிய மாமாவும் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

“செரிம்மா. அவன் வந்து கோழி அடிப்பானா?”

“அவன் எப்பிடி மாமா வருவான்?”

“வர மாட்டான் இல்ல? அப்ப அவன உடு. சோறு போடாதவன் மேல குத்தம் போட்டு நமக்கு இன்னா ஆவப் போவுது?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் முறை அதுதான், நானே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை காற்றில் பலாமரம் விழுந்து ஒரு வீட்டுக் கூரை போய்விட்டது. காற்று கோழி அடிக்காது என்பதால், அந்த மரத்தை நட்டது யார் என்று தேடினார்கள். நட்டவர் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேரன்தான் சோறு போட்டான். கூரை போன வீட்டுக்காரனே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

“அப்ப கவர்மெண்டு மேல போடலாம்” என்றது ஒரு குரல்.

“கவர்மெண்டு அரிசி குடுக்கும். கோழி குடுக்குமா? உடு” என்றார் பெரிய மாமா.

“கடக்காரரு? அவருதான விக்கிறாரு?”

“அவுரு சந்தவாசல்காரு. அவுரு ஊர்ல ஆக்கிப் போட்டா யாரு போய்ட்டு துன்னுட்டு வர்றது?”

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “நான் போய்ட்டு வர்றேன்” என்று கையைத் தூக்கினார். அவரை உட்கார வைத்தார்கள்.

“வெளிய எங்கயும் பாக்காதீங்க. ஊருக்குள்ள பாருங்க” என்று பெரிய மாமா அதட்டினார். ஊர் சுற்றுமுற்றும் பார்த்தது. அதுவரை சீனாவைத் திட்டும்போது கலகலப்பாக இருந்தவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கால் விரலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கள் எதிர்வீட்டு ஆள்தான் முதலில் தைரியமாக வாயைத் திறந்தார்.

“இந்தப் பொண்ணு மேலதாங்க குத்தம். பல்ப ரொம்ப நல்லா செஞ்சிடுச்சி. எங்க வூட்ல மாட்டனது இன்னும் எரிஞ்சிக்கினே கீது. அப்பால எவன் வாங்குவான்?”

“அப்ப கெட்டுப் போற மாதிரி செய்யச் சொல்றீங்களா?” என்று நான் கத்தினேன்.

“எல்லாரும் அப்பிடித்தானம்மா செய்றாங்க” என்றார் அவர், எனக்குப் பாடம் சொல்வது போல.

“அது செரி, அந்தக் கடைப் பல்பு சீக்கிரமா பூடுமே. அது அணைஞ்சி பூட்டா ஜனம் நம்ம பல்புக்குத்தான வரணும்? ஏன் வரல?” என்று கேட்டார் பெரிய மாமா. நல்ல கேள்வி. எனக்கும் பதில் தெரியாது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தது.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. நான் பார்சல் எடுக்கவும் கடை கடையாகச் சுற்றவும் போளூர் போகிற நாளில், டி.வி. ரூமுக்கு ஆட்கள் வருவார்களாம். கடையில் வாங்கிய பல்பு அணைந்துவிட்டது என்று கொண்டுவந்து நீட்டுவார்களாம். அக்கா அதைப் பிரித்து, போன இடத்தைப் பற்றவைத்து, எங்கள் பெட்டியிலிருந்தே ஒரு பாகத்தை எடுத்துப் போட்டு, எரியவைத்துக் கொடுத்து அனுப்புவாளாம். காசு வாங்க மாட்டாள். பலாச்சுளை, கீரை, ஒரு கை கொள்ளு, எது கொடுத்தாலும் சரி. எங்களைக் கொல்ல வந்த பல்புக்கு எங்கள் கம்பெனியிலேயே ஆயுசுக்கும் இலவச சர்வீஸ் நடந்திருக்கிறது. அந்தக் கம்பெனிக்காரன் கேள்விப்பட்டால் அக்கா காலில் விழுந்து கும்பிட்டிருப்பான்.

“அக்கா!” என்றேன்.

அக்கா எழுந்தாள். இடுப்பில் சேலையைச் செருகினாள். அவள் அப்படிச் செருகினால் எங்கள் ஊரில் ஆண்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

“ஆமா, நான்தான் சரி பண்ணேன். இன்னான்ற இப்ப? வூடு இருட்டா கீதுன்னு ஒரு பொம்பள பல்ப எடுத்துக்கினு வந்து நிக்கிறா. இது எங்க கம்பெனிது இல்ல, போன்னு சொல்லட்டுமா? வவுத்து வலின்னு ஒரு புள்ள வந்தா, நீ எந்த ஆசுபத்திரில பொறந்தன்னு கேட்டுக்கினா கசாயம் குடுக்கறோம்?”

செருகிய சேலையை இன்னொரு தரம் இறுக்கினாள்.

“குத்தம்னா கட்டறேன். கோழி அடிக்கறேன். ஆனா எங்கிட்ட பல்ப குடுத்து சரி பண்ணிக்கினவங்க எல்லாம் வூட்டுக்கு ஒரு கோழி எட்த்துக்கினு வாங்க.”

ஊர் மறுபடியும் கால் விரலைப் பார்த்தது. பெரிய மாமாவும் பார்த்தார். அவர் வீட்டு வாசலில் எரிவது கடைப் பல்பு என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவர் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது குத்தத்துல வராது. தர்மத்துல வரும். உக்காரு” என்று அந்த வழக்கை அங்கேயே முடித்துவிட்டார்.

பேச்சை மாற்றத்தான் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். “செரி, அந்தப் பல்பு மலைக்கு எப்பிடிய்யா வந்துச்சி? பெட்டி பெட்டியா பஸ்ல ஏத்த உட மாட்டான். கடக்காரருக்கு வண்டி இல்ல. நடந்தா வந்துச்சி?”

கேட்ட பிறகு அவருக்கே ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஊரில் அத்தனை பேருக்கும் பதில் தெரியும். யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஒரு குடும்பத்தைப் பிரிக்கிற பேச்சை எங்கள் ஊரில் யாரும் சுலபத்தில் பேச மாட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிசையில் என் புருஷன் எழுந்து நின்றார்.

“பெரியப்பா, நான்தான் ஏத்தினு வந்தேன்” என்றார். “ஜீப்பு மேல போட்டு, தார்ப்பாய வெச்சி மூடி.”

“யோவ்!” என்றேன். ஊர் முன்னால் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் எத்தனையோ தடவை.

“ஆளுங்க ஏறல பெரியப்பா. ரெண்டு ஆட்ட ஏத்திக்கினு வந்தா டீசலுக்கே ஆவல. அந்தப் பெட்டி இருக்கறதாலதான் ஜீப்பு ஓடுது. ஜீப்பு நின்னுச்சின்னா நான் திரும்ப மொளகு பறிக்கப் போவணும்.” அதுவரை பெரிய மாமாவைப் பார்த்துப் பேசியவர் என் பக்கம் திரும்பினார். “உன்ன உட்டுட்டு இன்னொரு தபா என்னால போவ முடியாதும்மே. சொன்னா நீ ஏத்த உட மாட்ட. அதான் சொல்லல.”

எனக்கு ஒரே நேரத்தில் அவரை அடிக்கவும் அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் ஊர் முன்னால் செய்ய முடியாது என்பதால் சும்மா நின்றேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த கையோடு அவரைத் திட்டவும் செய்தாள்.

பெரிய மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. ஆள் அகப்பட்டான். உள்ளூர் ஆள், சொந்த ரத்தம், கோழி வாங்க வண்டியும் இருக்கிறது. இதைவிட நல்ல குற்றவாளி எங்கே கிடைப்பான்?

“குத்தம் இவன்து. வர வெள்ளிக்கெழம இவன் ஊருக்குச் சோறு போடட்டும். ரூமு மருமவளுக்கே. புளிய வேற எங்கனா வெச்சிக்கலாம். இனிமே அந்தப் பெட்டி மலை ஏறக் கூடாது. ஏறினா ஆட்டுக் கறி.”

டெல்லியில் எத்தனையோ பேர் மனு போட்டும் வாங்க முடியாத இறக்குமதித் தடையை எங்கள் ஊரில் வெற்றிலை மென்று துப்புகிற நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன். ரூம் எனக்கு. போட்டியும் ஒழிந்தது. எதிர்வீட்டு ஆள் உடனே, இரண்டு பல்பு எடுத்து வைக்கச் சொன்னார். ஜனங்கள் எழுந்து வேட்டியைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து, ஜீப் சாவியை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். பெட்டி இல்லையென்றால் ஜீப் இல்லை. ஜீப் இல்லையென்றால் அவர் இல்லை. பல்பு நன்றாக விற்றால் ஊரில் நான் இருப்பேன், கம்பெனி இருக்கும், ராத்திரி சாப்பிட்டுவிட்டு சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி அவருக்குப் போன் பண்ணுவேன். இதற்கா நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்? கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

“மாமா, கொஞ்சம் உக்காருங்க” என்றேன். ஊர் மறுபடி உட்கார்ந்தது. “எனக்கு ரூமு வேணாம். புளி வெச்சிக்கங்க. பெட்டி ஏறட்டும்.”

“இன்னாம்மா சொல்ற? அப்ப உன் பல்பு கம்பெனி?”

“போவட்டும்.”

“எவ்ளோ பாடுபட்டு வெச்ச?”

“போவட்டும் மாமா. வேற எதனா செஞ்சிக்கறேன்.”

பெரிய மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ கலங்கிய மாதிரி இருந்தது. நான் நெகிழ்ந்து போனேன். அப்புறம் அவர் கேட்டார்.

“அப்ப இப்ப அந்தக் கம்பெனிய மூடறது யாரு?”

“நான்தான்.”

“குத்தம் உன்துன்னு ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேன்.”

“அப்ப ரெண்டு குத்தம்” என்று ஊரைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு சாப்பாடு. வர வெள்ளிக்கெழம அவன்து, அடுத்த வெள்ளிக்கெழம இவள்து.”

சந்தவாசலுக்குப் போகத் தயாராக இருந்த பெரியவர் கை தட்டினார்.

இரண்டு விருந்துக்கும் இரண்டு பேரும்தான் ஆக்கினோம். முதல் விருந்தன்று நான் அவரோடு பேசவில்லை. உப்பு எங்கே என்று கேட்டால் அக்காவிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னேன். இரண்டாவது விருந்தன்று குழம்பில் அவர் காரத்தை அள்ளிப் போட்டுவிட்டார். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு சத்தம் போட்டதில் பேச்சு வந்துவிட்டது. ஊர் வயிறு நிறையச் சாப்பிட்டது. உள்நாட்டு உற்பத்தியைப் பற்றி அதற்கப்புறம் எங்கள் ஊரில் யாரும் வாயைத் திறக்கவில்லை. சூப்பர்வைசருக்கு நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கட்டிலை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள்.

பெட்டி ஏற்றுவதை இனி ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை என்பதால் அடுத்த தடவை நானும் அவரோடு ஜீப்பில் போளூர் போனேன். கணக்குப் பார்த்து ஏற்றி இறக்க ஓர் ஆள் இருந்தால் கூடுதலாகவே ஏற்றலாம் என்பது என் யோசனை. கடைப் பல்பு வைத்திருக்கிற குடோன்காரர் பெட்டிகளை எடுத்துப் போட்டார். கூரை நிறைந்துவிட்டது. பின்னால் ஓர் ஆடும், பெண் பார்க்கப் போய்த் திரும்புகிற ஒரு கூட்டமும் ஏறியிருந்தன. கடைசியாக ஒரு பெட்டி மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் என் புருஷன் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“குடு” என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மலைப்பாதை தொடங்கியது. ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டி சரிந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் பல்புகளைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எட்டிப் பார்த்து, “பாத்து புடிச்சிக்கம்மா, ஒடைஞ்சிடப் போவுது. யாரு கம்பெனி பல்பு?” என்று கேட்டாள்.

ஜீப் ஒரு வளைவில் முக்கிக்கொண்டு ஏறியது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களுதுதான்” என்றேன்.